சைட் என்ஜினியரிலிருந்து திட்ட மேலாளர்: முதலில் பி.எம்.பி. தேர்வா, ஐ.எஸ். 456-ஆ?

கேள்வி: கோவைப் பொறியாளன்

சிவில் படித்து முடித்து ஏழு ஆண்டுகளாகக் கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும் அடுக்குமாடி வேலைகளில் சைட் என்ஜினியராக இருந்து வருகிறேன். சென்ற மாதம் ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்றின் முழுப் பொறுப்பையும் என்னிடம் ஒப்படைத்து, திட்ட மேலாளர் என்ற பதவியையும் தந்தார்கள்.

இரண்டாவது வாரத்திலேயே என் குறை எனக்குத் தெரிந்துவிட்டது. முதல் மாடித் தளத்துக்குக் கான்கிரீட் போட்ட ஐந்தாம் நாள், அடுத்த மாடிக்குச் சென்ட்ரிங் சாமான் (கான்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்கும் பலகைகளும் முட்டுகளும்) போதவில்லை என்று ஒப்பந்தக்காரர் முட்டுகளைப் பிரிக்கத் தொடங்கினார். கூடாது என்றேன். "எந்த விதியில் இருக்கிறது, காட்டுங்கள் சார்" என்று கேட்டார். கல்லூரியில் படித்தது மங்கலாக நினைவில் இருந்ததே தவிர, பிரிவும் நாள் கணக்கும் வாயில் வரவில்லை. கடைசியில் உரிமையாளரைத் தொலைபேசியில் பிடித்து நிறுத்தச் சொல்ல வேண்டியதாயிற்று. வேலை நின்றது, ஆனால் அது என் சொல்லுக்காக நிற்கவில்லை என்பது இன்னும் உறுத்துகிறது.

அலுவலகத்தில் பி.எம்.பி. என்ற திட்ட மேலாண்மைச் சான்றிதழுக்கான தேர்வை எழுதச் சொல்கிறார்கள். பயிற்சிக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் என் கைக்காசு. அந்தப் பணத்தையும் ஆறு மாத மாலை நேரத்தையும் அதில் போடுவது சரியா, அல்லது அதற்கு முன் படிக்க வேண்டியது வேறு உண்டா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் 1: திருச்சி தரக்கட்டுப்பாடு

தேர்வைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். அந்த ஒப்பந்தக்காரர் கேட்ட கேள்விக்கு உரிய விடையை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அதே கேள்வி அடுத்த தளத்திலும் வரும்.

கான்கிரீட் வேலைக்கான இந்திய விதிநூலாகிய ஐ.எஸ். 456:2000-இல் பிரிவு 11.3-ஐப் பாருங்கள். முட்டு பிரிக்கும் நேரத்தில் கான்கிரீட் தாங்க வேண்டியிருக்கும் தகைவைப் (சுமையால் அதனுள் எழும் அழுத்தத்தை) போல் குறைந்தது இரண்டு மடங்கு வலிமையை அது அடைந்திருக்க வேண்டும் என்பதுதான் அடிப்படை விதி. அதன்பின் 11.3.1-இல் நாள் கணக்கு வருகிறது. 4.5 மீட்டர் வரை இடைவெளியுள்ள தளத்தின் முட்டுகளுக்கு 7 நாள், அதற்கு மேற்பட்டால் 14 நாள். பீம்களின் முட்டுகளுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதைத் தாண்டினால் 21 நாள். ஆகவே ஐந்தாம் நாளில் முட்டு பிரிப்பது எந்தக் கணக்கிலும் தவறு. ஆனால் ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கக்கூடியதும் அதே பட்டியலில் இருக்கிறது: தளத்தின் அடிப்பலகையை மட்டும் 3 நாளில் எடுக்கலாம், எடுத்த உடனே முட்டை மறுபடி நிறுத்திவிட வேண்டும். அவருக்கு வேண்டியது பலகையா, முட்டாக நிற்கும் ஜாக்கியா என்று கேட்டிருந்தால் அன்றைய தகராறில் பாதி தீர்ந்திருக்கும்.

இந்த நாள் கணக்கு சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்கும், 15 டிகிரிக்குக் குறையாத வெப்பநிலைக்கும் உரியது. நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது சாம்பல் கலந்த பொசலானா சிமெண்டு. அது தொடக்க நாட்களில் மெதுவாகத்தான் வலிமை பெறும் என்பதால், அதற்கு ஏற்ப நாளைக் கூட்டிக்கொள்ள வேண்டும். நாளை எண்ணிக்கொண்டிருப்பதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. 28 நாள் சோதனைக்கான கியூப்களோடு (வலிமையைச் சோதிக்க வார்க்கும் கான்கிரீட் கட்டிகள்), முட்டு பிரிக்கும் நாளின் வலிமையை அறியக் கூடுதல் கியூப்களும் எடுக்கலாம் என்று அதே விதிநூலின் 15-ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் தளம் 90 கன மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 50 கன மீட்டர் வரை 4 மாதிரி, மீதிக்கு ஒன்று, ஆக 5 மாதிரி, மாதிரிக்கு மூன்றாக 15 கியூப் கட்டாயம். அதற்கு மேல் மூன்றே கியூப் கூடுதலாகப் போட்டுவிட்டால், ஏழாம் நாள் உங்கள் கையில் வாதம் இருக்காது, அச்சிட்ட அறிக்கை இருக்கும்.

இந்திய தர நிர்ணய அமைவனத்தின் இணையதளத்தில் பதிவு செய்துகொண்டால் இந்த விதிநூலை இலவசமாகவே பதிவிறக்கலாம். கட்டுமானத் திட்ட மேலாண்மைக்கென்றே ஐ.எஸ். 15883 என்ற வரிசையும் இருக்கிறது. முதல் பகுதி 2009-இல் வந்தது. காலம், செலவு, தரம், பாதுகாப்பு ஆகியவற்றுக்குத் தனிப் பகுதிகள் உண்டு. நான் பேசிப் பார்த்த திட்ட மேலாளர்களில் பலர் இப்படி ஒன்று இருப்பதையே கேள்விப்பட்டதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் செய்தி.

பதில் 2: துபாய் திட்டமிடல்

பி.எம்.பி. எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன்: எழுதுங்கள், ஆனால் இந்த ஆண்டு வேண்டாம். நான்கு ஆண்டுப் பட்டம் உள்ளவருக்கு 36 மாதத் திட்ட வழிநடத்தல் அனுபவமும் 35 மணி நேரப் பயிற்சியும் கேட்கிறார்கள். சைட் என்ஜினியராக இருந்த ஏழு ஆண்டில் திட்டத்தை வழிநடத்தியதாக எதை எழுத முடியும் என்பதை நீங்களே நேர்மையாகக் கணக்கிட வேண்டும். தேறிய பிறகும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை 60 மணி நேர வளர்ச்சிப் புள்ளிகள் சேர்த்தால்தான் சான்று நிலைக்கும். அது மென்பொருள், மருந்து, கட்டுமானம் என எல்லாத் துறைக்கும் பொதுவான தேர்வு. இடர், பங்குதாரர், மாற்றக் கட்டுப்பாடு ஆகியவற்றைப் பற்றி ஒழுங்காகச் சிந்திக்கக் கற்றுத்தரும். முட்டு எப்போது பிரிப்பது என்று சொல்லாது. வளைகுடா நாடுகளுக்கு விண்ணப்பிக்கும்போது அந்த மூன்றெழுத்து பயன்படுகிறது என்பதை மறுக்க மாட்டேன்.

அதற்குள் காசு செலவில்லாமல் பழகிக்கொள்ளக்கூடியவை இரண்டைச் சொல்கிறேன். ஒன்று, ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிப்பது. இங்கே பரவலாகப் புழங்கும் ஃபிடிக் 1999 சிவப்புப் புத்தகம் என்ற சர்வதேச மாதிரி ஒப்பந்தத்தில், கூடுதல் காலமோ பணமோ கேட்க வேண்டிய ஒப்பந்தக்காரர், காரணத்தை அறிந்த, அல்லது அறிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 28 நாளுக்குள் அறிவிப்புக் கொடுக்காவிட்டால் உரிமையை இழந்துவிடுவார். நான் வேலை பார்த்த ஒரு திட்டத்தில், வரைபடம் ஆறு வாரம் தாமதமாக வந்ததற்கு எங்களிடம் எல்லாச் சான்றும் இருந்தும், அறிவிப்புக் கடிதம் 28 நாளைத் தாண்டிப் போனதால் ஒரு நாள்கூடக் கூடுதலாகக் கிடைக்கவில்லை. நம் ஊர்ப் பொதுப்பணி ஒப்பந்தங்களில் இதற்கு இணையாக இடையூறுப் பதிவேடு என்று வைத்திருப்பார்கள்: இடையூறு தொடங்கிய நாள், நீங்கிய நாள், தன்மை, இரு தரப்புக் கையொப்பம். தனியார் வேலையாக இருந்தாலும் அப்படி ஒரு நோட்டை உங்கள் வேலையிடத்தில் இன்றே தொடங்கலாம்.

மற்றொன்று, கிளென் பல்லார்டும் கிரெக் ஹோவலும் உருவாக்கிய லாஸ்ட் பிளானர் முறை. வாரத் திட்டத்தை மேலாளர் எழுதிக் கையில் கொடுக்காமல், கம்பி மேஸ்திரி, சென்ட்ரிங் மேஸ்திரி, பிளம்பர் ஆகியோரை உட்காரவைத்து, "அடுத்த வாரம் எதை உறுதியாக முடிப்பீர்கள்" என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைப்பது அதன் உயிர். வாரக் கடைசியில் 30 வாக்குறுதியில் 18 நிறைவேறியிருந்தால் 60 சதவீதம். நிறைவேறாத 12-க்கும் காரணம் எழுத வேண்டும். நான்கு வாரம் எழுதிப் பார்த்தால் "ஆள் வரவில்லை" என்று நாம் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி "வரைபடம் வரவில்லை", "முந்தைய வேலை முடியவில்லை" என்று தெரியவரும். இந்தச் சதவீதத்தையும் (பர்சென்ட் பிளான் கம்ப்ளீட்) பி.பி.சி. என்றுதான் சுருக்குவார்கள், மேலே நண்பர் சொன்ன பொசலானா சிமெண்டுக்கும் அதே சுருக்கம் என்பதால், அறிக்கையில் முழுப் பெயரையே எழுதுங்கள்.

பதில் 3: ஓய்வுபெற்ற மேற்பார்வையாளர், சென்னை

தம்பி, 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்ததை உங்கள் வயதுக்காரர்கள் செய்தியாகக் கேட்டிருப்பீர்கள். அதன்பின் நான் இருந்த வேலையிடங்களில் சில மாதம் எல்லோரும் கியூப் அறிக்கையைக் கேட்டார்கள், மண் பரிசோதனையைக் கேட்டார்கள். பிறகு மெல்ல மெல்ல விட்டுவிட்டார்கள். கட்டடக் கலைஞருக்கு 1972-இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. பொறியாளருக்கு அப்படி நாடு முழுவதற்குமான உரிமச் சட்டம் இன்றும் நடைமுறையில் இல்லை. தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளில் பொறியாளர்களுக்குப் பதிவு முறை இருக்கிறது. அந்தப் பதிவுக்கு உங்களுக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்த்து விண்ணப்பியுங்கள். கையொப்பத்துக்குப் பொறுப்பு சேரும்போது படிப்பும் தானாகச் சேரும்.

இன்னொன்றையும் நான் வற்புறுத்திச் சொல்வேன். நீங்கள் மட்டும் படித்தால் போதாது. கம்பிக்கும் பலகைக்கும் இடையே கவர் பிளாக் என்ற கட்டையை வைப்பது சித்தாள், கான்கிரீட்டை அதிர்வால் இறுக்கும் வைப்ரேட்டரைப் பிடிப்பது வேறொருவர். கான்கிரீட் போடும் நாள் காலையில் பத்து நிமிடம் அவர்களை நிறுத்தி, அன்றைக்கு எங்கே கம்பி நெருக்கம், எங்கே வைப்ரேட்டர் அதிகம் வேண்டும் என்று கையால் தொட்டுக் காட்டுங்கள். என் முப்பது ஆண்டில் தேன்கூடு (கான்கிரீட் சரியாக இறுகாமல் விழும் ஓட்டைகள்) விழுந்த தூண்களில் பெரும்பாலானவை யாரும் சொல்லிக்கொடுக்காத இடத்தில் விழுந்தவை.

கோவைப் பொறியாளன்:

மூவருக்கும் என் நன்றி. பி.எம்.பி.-யை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்துவிட்டேன். ஐ.எஸ். 456-இன் 11, 13, 15-ஆம் பிரிவுகளை அச்செடுத்துத் தள அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்; இடையூறு நோட்டு நேற்றுத் தொடங்கியது. இரண்டாம் மாடித் தளம் வரும் வியாழக்கிழமை. முட்டு பிரிப்பதற்கான அந்த மூன்று கூடுதல் கியூப்களையும் மற்றவற்றோடு தண்ணீர்த் தொட்டியிலேயே போடலாமா?

திருச்சி தரக்கட்டுப்பாடு:

போடக் கூடாது. தொட்டியில் 27 டிகிரியை ஒட்டிய நீரில் ஊறும் கியூப், கலவை நல்லதா என்பதைத்தான் சொல்லும். வெயிலிலும் காற்றிலும் கிடக்கும் உங்கள் தளத்தின் நிலையைச் சொல்லாது. அந்த மூன்றையும் தளத்தின் மேலேயே, அதே ஈரச்சாக்கின் கீழ், தளத்துக்கு எத்தனை முறை தண்ணீர் ஊற்றுகிறார்களோ அத்தனை முறை மட்டும் நனையும்படி வையுங்கள். வார்த்த அன்றே தேதியையும் தள எண்ணையும் கியூபின் மேல் எழுதிவிடுங்கள். அச்சு பிரித்தபின் எழுதலாம் என்று விட்டால் பதினெட்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.