பவளப்பாறை சூழ்ந்த தீவுக்குள் சிறு படகில் நுழைவது எப்படி?

கேள்வி: பவளப்பாறை வளையமாகச் சூழ்ந்த வெப்பமண்டலத் தீவொன்றை மோட்டார் படகில் அடைந்து, அதன் கரையோரமாகவே சுற்றிவர எண்ணியுள்ளோம். விடியற்காலையில் உள்ளே நுழையலாமா?

பதில் 1: விடியற்காலை வேண்டாம். சூரியன் நன்றாக மேலேறி, உங்கள் முதுகுப்புறம் இருக்கும் வேளையில்தான் நீரின் நிறம் ஆழத்தைக் காட்டிக்கொடுக்கும். கருநீலம் என்றால் ஆழம், வெளிர்பச்சை என்றால் மணல், பழுப்பு என்றால் படகின் அடியைக் கிழிக்கக் காத்திருக்கும் பாறை. போலராய்டு கண்ணாடி அணிந்த ஒருவரை அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், நிறுத்துங்கள். மேகம் மறைத்தால், எவ்வளவு அவசரமானாலும், வெளியிலேயே காத்திருங்கள்.

பதில் 2: வளையத்தின் வாய்ப்பகுதியில் வெளியேறும் நீரோட்டமும் உள்ளே வரும் அலையும் மோதினால் நீர் செங்குத்தாக எழும் என்பதால், ஓட்டம் அடங்கும் இடைவேளையைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். வழிகாட்டும் மிதவைகளிலும் கவனம் தேவை: கடலிலிருந்து உள்ளே வரும்போது, அமெரிக்கக் கண்டங்கள், ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸ் ஆகிய இடங்களில் சிவப்பு மிதவை வலப்புறமும், உலகின் பிற பகுதிகளில் இடப்புறமும் இருக்க வேண்டும். இதைக் குழப்பிக்கொண்டு, படகின் உந்துவிசிறி மணலைக் கிளறும் ஓசையை நானே ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

பதில் 3: நங்கூரத்தை மணலில் மட்டும் இடுங்கள், பவளத்தில் இட்டால் அது உடையும், நங்கூரமும் சிக்கிக்கொள்ளும். சங்கிலியை ஆழத்தைப்போல் ஐந்து மடங்காவது விடுங்கள்.

கேட்டவர்: நன்றி. அப்படியானால், முற்பகல் பத்து மணிக்குமேல் நுழையுமாறு பயணத்தை மாற்றிக்கொள்கிறோம்.

பதில் 1: மேற்கு நோக்கி நுழைவதானால் அது பொருந்தும், கிழக்கு நோக்கி நுழைவதானால் பிற்பகலே சரி.