மாடிக் குளியலறைத் தரை: டைலுக்குக் கீழே எந்தப் பலகை?

மழைவாசி
லண்டன் ஹாரோவில் 1930களில் கட்டிய வீடு. மாடிக் குளியலறை 2.4 மீட்டருக்கு 2 மீட்டர். பழைய வினைல் விரிப்பை உரித்தேன். கீழே அந்தக் காலத்துப் பலகைத்தரை, 20 மி.மீ. தடிப்பு, அதைத் தாங்க 400 மி.மீ.க்கு ஒன்றாக ஜாயிஸ்ட் என்ற உத்தர மரம். 10 மி.மீ. போர்சலின் டைல் வாங்கியாயிற்று. பதிக்க வருபவர், பலகைக்கு மேலேயே 18 மி.மீ. பிளைவுட் அடிக்கலாம் என்கிறார். மைத்துனரோ 6 மி.மீ. சீமெந்து போர்டே போதும் என்று சத்தியம் செய்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

உளியோசை
பதிப்பவர் சொல்வதை. தரை ஆடினால் மேலே எதை ஒட்டினாலும் டைல் இடுக்கை நிரப்பும் கிரவுட் வெடிக்கும். 6 மி.மீ. போர்டை இரண்டு முனையிலும் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், நடுவே தொய்ந்து நிற்கும். அதுவா தரையைக் கெட்டிப்படுத்தப்போகிறது?

நெல்லியடியான்
கெட்டிப்படுத்தும் என்று யார் சொன்னது? அதன் வேலையே வேறு. ஈரம் பட்டால் உப்பாது, பசை நன்றாகப் பிடிக்கும், அவ்வளவுதான். பிளைவுட் என்னதான் இருந்தாலும் மரம். என் வீட்டில் நானே 18 மி.மீ. அடித்து அதன்மேல் நேரே டைல் பதித்தேன். நாலாவது குளிர்காலத்தில் ஷவர் தட்டோரம் இடுக்கை அடைத்திருந்த சிலிக்கன் விட்டுப்போனது. ஒரு டைலை மிதித்தால் ‘டொக்’ என்றது. கத்தி முனையால் நெம்பினேன், முழுசாகக் கையோடு வந்துவிட்டது. கீழே பிளைவுட்டின் விளிம்பு, மழையில் நனைந்த நோட்டுப்புத்தகம்போல் தாள் தாளாக விரிந்து கிடந்தது.

உளியோசை
சிலிக்கன் செய்த குற்றத்துக்குப் பிளைவுட்டுக்குத் தண்டனையா? வெளிப்புறத் தரமுள்ள பிளைவுட்தானா அது? அடிப்பதற்கு முன் பின்பக்கத்துக்கும் வெட்டிய விளிம்புக்கும் ஈரம் புகாமல் சீலர் பூசினீர்களா? இன்னொன்று. சீமெந்து போர்டு தண்ணீரில் கெடாது, ஆனால் தண்ணீரைத் தடுக்கவும் செய்யாது. ஊறி இறங்கும். உங்கள் போர்டு அழகாக இருக்கும், அதன் கீழுள்ள பலகை மக்கிக்கொண்டிருக்கும்.

நெல்லியடியான்
விளிம்புக்குச் சீலர் பூசவில்லை, ஒத்துக்கொள்கிறேன். போர்டுக்கு மேல் நீர்த்தடுப்புப் பூச்சு வேண்டும் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் உயரக் கணக்கைப் பாருங்கள். பழைய பலகைக்கு மேல் பிளைவுட் 18, பசை 4, டைல் 10. வாசலில் 32 மி.மீ. படி. இரவில் தூக்கக் கலக்கத்தில் போகிறவரின் கால்விரல் என்ன ஆவது?

கோடம்பாக்கத்தான்
எதற்கு இத்தனை பலகை? சென்னையில் சிமெண்ட் கலவையைக் கொட்டி, மட்டம் பார்த்து, டைலை வைத்துத் தட்டினால் வேலை முடிந்தது.

நெல்லியடியான்
உங்களுக்குக் கீழே காங்கிரீட் தளம் இருக்கிறது. 50 மி.மீ. கலவை ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ. இந்த அறைக்குக் கிட்டத்தட்ட அரை டன். தொண்ணூறு வயது ஜாயிஸ்டின் தலையில் ஏற்றவா?

பனிப்புயல்
டொரொண்டோவிலிருந்து எழுதுகிறேன். இருவரும் மேலே அடுக்குவதையே பேசுகிறீர்கள். இங்கே முதலில் பார்ப்பது தொய்வு. ஜாயிஸ்ட் கடக்கும் தூரத்தை 360ஆல் வகுத்து வருவதைவிட அதிகமாகத் தரை தொய்யக் கூடாது. 3.6 மீட்டருக்கு 10 மி.மீ. இயற்கைக் கல் என்றால் அதிலும் பாதி. நான் போர்டே போடுவதில்லை. பிளைவுட்டின் மேல் டிட்ரா என்ற 3 மி.மீ. பிளாஸ்டிக் விரிப்பை ஒட்டி அதன்மேல் பதிக்கிறேன். மரம் விரிந்து சுருங்கும் இழுப்பு டைலுக்குப் போகாது. அதுவும் தரையைக் கெட்டிப்படுத்தாது. உளியோசை அண்ணா அடிக்க வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். மழைவாசி, ஒரு குவளையில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றித் தரையின் நடுவில் வையுங்கள். பக்கத்தில் யாரையாவது குதிக்கச் சொல்லுங்கள்.

மழைவாசி
மகன் குதித்தான். தண்ணீர் நாலு பக்கமும் தெறித்தது. உடனே இரண்டு பலகையைக் கழற்றிப் பார்த்தேன். செப்புக் குழாய் போவதற்காக ஒரு ஜாயிஸ்டின் மேல்விளிம்பை, அதுவும் நடுப்பகுதியில், வெட்டியிருக்கிறார்கள். என் சுட்டுவிரல் இரண்டு கணு உள்ளே போகிறது.

உளியோசை
அப்படியானால் டைல் பேச்சை நிறுத்துங்கள். அந்த ஜாயிஸ்டோடு அதே உயரமுள்ள புதிய மரத்தைச் சேர்த்துப் போல்ட் போட வேண்டும். இடையிடையே குறுக்குக் கட்டை. கழற்றத் தொடங்கியாயிற்று, பலகை முழுவதையும் எடுத்துவிட்டு 18 மி.மீ. பிளைவுட்டை நேரே ஜாயிஸ்டில் அடியுங்கள். மேலே நெல்லியடியானின் 6 மி.மீ. போர்டு, இடையே பசை 3. மொத்தம் 27. போன பலகை 20. ஆக ஏறுவது 7, டைலும் அதன் பசையும் சேர்ந்தால் 21. குழாய் ஓடும் கோட்டைப் பிளைவுட்டின் மேல் பென்சிலால் வரைந்துகொண்டு ஸ்குரூ போடுங்கள். அது குழாயில் இறங்கினால் கீழே கூடத்தில் மழைதான்.

நெல்லியடியான்
அடேயப்பா, என் போர்டுக்கும் இடம் கிடைத்துவிட்டது! அதை வெறும் ஸ்குரூவால் மட்டும் அடிக்காதீர்கள். பல் வைத்த கரணையால் பசையை இழுத்து, கீழே வெற்றிடமில்லாமல் போர்டைப் படிய வைத்து, பிறகு 200 மி.மீ.க்கு ஒரு ஸ்குரூ. 25 மி.மீ. நீளம் போதும், பிளைவுட்டுக்குள்ளேயே நின்றுவிடும். பிளைவுட் இணைப்பும் போர்டு இணைப்பும் ஒரே கோட்டில் விழக் கூடாது.

உளியோசை
சரி. ஆனாலும் சீலர் பூசிய பிளைவுட்டின் மேல் நேரே பதித்த டைல் என் வீட்டில் 11 வருடமாக அசையாமல் இருக்கிறது.

நெல்லியடியான்
சிலிக்கன் விட்டுப்போகும் நாளில் எழுதுங்கள், அண்ணா.

மழைவாசி
மரமும் பிளைவுட்டும் நாளைக்கு வருகின்றன. மைத்துனரிடம் 6 மி.மீ. போர்டு வாங்கியதை மட்டும் சொல்லியிருக்கிறேன்.