ஷேர் ஃபோல்டர்ல எக்செல் திறக்குது, ஆனா சேவ் ஆக மாட்டேங்குது

கேள்வி:
விண்டோஸ் சர்வர்ல ஒரு ஷேர் ஃபோல்டர். யாரும் எதையும் அழிச்சிடக் கூடாதுன்னு, 8 பேர் இருக்கிற குரூப்புக்கு ரீட், ரைட் மட்டும் குடுத்து டெலீட்டை விட்டுட்டேன். நோட்பேட் ஃபைல் நல்லா சேவ் ஆகுது. எக்செல்ல டைப் அடிக்க விடுது, சேவ் குடுத்தா 'டாக்குமென்ட் நாட் சேவ்டு'. போதாததுக்கு, எக்ஸ்டென்ஷனே இல்லாத 8 எழுத்துப் பேர்ல குப்பை ஃபைலா சேருது. ஷேர் பெர்மிஷன் (நெட்வொர்க் வழியா வர்றவங்களுக்கான உரிமை) எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல்.

பதில் 1:
டெலீட்டை விட்டதுதான் கோளாறு. நோட்பேட் இருக்கிற ஃபைல் மேலேயே எழுதிடும். எக்செல் அதே ஃபோல்டர்ல ஒரு டெம்ப் (தற்காலிக) ஃபைலை உருவாக்கி அதுல முழுசா எழுதும். அப்புறம் பழைய ஃபைலை விலக்கிட்டு டெம்புக்கு உங்க ஃபைல் பேரை வைக்கும். பேர் மாத்துறதுக்கும் டெலீட் உரிமை வேணும். அது இல்லாததால பாதியில நிக்குது. நீங்க பார்க்கிற குப்பை அந்த டெம்ப்தான்.

ஃபோல்டர்ல ரைட் கிளிக், புராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, எடிட். குரூப்புக்கு மாடிஃபை டிக் பண்ணுங்க, டெலீட்டும் அதுல அடங்கும். தனித்தனி ஃபைலுக்குக் குடுக்காதீங்க. சேவ் ஆகி வர்றது புது ஃபைல், அதுல பழைய உரிமை நிக்கும்னு நம்ப முடியாது.

அழிச்சிடுவாங்கன்னு பயம்னா அதுக்கு மருந்து பேக்கப்பும் ஷேடோ காப்பியும்தான் (ஃபைல்களோட பழைய நிலையை சர்வரே அப்பப்ப எடுத்து வைக்கிறது). டெலீட்டைப் பிடுங்கிட்டு எக்செலை ஓட்ட முடியாது.

பதில் 2:
சோதிக்கிறதை சர்வர்ல உட்கார்ந்து பண்ணாதீங்க, அங்க லோக்கலா திறந்தா ஷேர் பெர்மிஷன் குறுக்கே வராது. யூசர் மெஷின்லேருந்து நெட்வொர்க் பாதையில போய் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் உருவாக்குங்க, பேர் மாத்துங்க, அழிங்க. எது தடுக்குதோ அங்கதான் சிக்கல். டினை (உரிமையை மறுக்கிற கட்டம்) எங்கேயாவது டிக் ஆகியிருக்கான்னும் பாருங்க.

கேள்வி கேட்டவர்:
மாடிஃபை குடுத்ததும் 6 பேருக்குச் சரியாயிடுச்சு. இன்னைக்குத்தான் குரூப்ல சேர்த்த ஒருத்தருக்கு ஃபோல்டரே திறக்கல. இன்னொருத்தருக்கு ஒரே ஒரு ஃபைல் மட்டும் ரீட் ஒன்லி, 'லாக்டு ஃபார் எடிட்டிங்'னு வருது. அதுல பேர் இருக்கிற ஆள் மெஷினையே அணைச்சிட்டுப் போயிட்டார்.

பதில் 3:
முதல் ஆளை லாக் ஆஃப் பண்ணி மறுபடி லாகின் ஆகச் சொல்லுங்க. குரூப் மாற்றம் புது லாகின்லதான் ஏறும். எக்செலை மூடித் திறந்தா பத்தாது.

ரெண்டாவது பெர்மிஷன் பிரச்சினை இல்ல. சர்வர்ல கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட், ஷேர்டு ஃபோல்டர்ஸ், ஓபன் ஃபைல்ஸ் பாருங்க. அந்த ஃபைல் அங்க தெரிஞ்சா, வேற யாரும் திறந்து வைக்கலைன்னு உறுதி பண்ணிட்டு குளோஸ் குடுங்க, இல்லைன்னா அவங்க சேவ் பண்ணாத வேலை போயிடும். அப்புறம் மறைஞ்சிருக்கிற ஃபைல்களைக் காட்டச் சொல்லி, ~$ல ஆரம்பிச்சு அதே பேர்ல இருக்கிறதை மட்டும் அழிங்க. யார் திறந்திருக்காங்கன்னு எக்செல் குறிச்சு வைக்கிற ஃபைல் அது; எக்செல் கிராஷ் ஆனாலோ நெட்வொர்க் அறுந்தாலோ தங்கிடும்.

பதில் 1:
ஒண்ணு விட்டுட்டேன். அதே டிரைவ்ல வேற ஃபோல்டர்லேருந்து கட் பண்ணி ஒட்டின ஃபைல் பழைய பெர்மிஷனோடயே வரும்; காப்பி பண்ணினா புது ஃபோல்டரோடது வரும். இதுக்காக அட்வான்ஸ்டுல 'ரீப்ளேஸ் ஆல் சைல்ட் ஆப்ஜெக்ட்'டை டிக் பண்ணிடாதீங்க, அது உள்ளே இருக்கிற எல்லாத்தோட பெர்மிஷனையும் மாத்திடும். உள்ளே சம்பள ஃபோல்டர் மாதிரி தனியா பூட்டி வெச்சது இருந்தா, அதுவும் எல்லாருக்கும் திறந்துக்கும்.