குடிமக்கள் அறிவியலா, ஊராய்வா? வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

மரு. வா. (மதுரை):
அன்பர்களுக்கு வணக்கம். சமூக மருத்துவ மாணவர்களுக்கான தமிழ்க் கையேட்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் 'அவர் வாய்ஸ்' (நம் குரல்) திட்டம் பற்றி ஓர் இயல் எழுதுகிறேன். அப்பி கிங் குழுவினர் உருவாக்கிய 'டிஸ்கவரி டூல்' செயலியோடு, கலிஃபோர்னியாவின் ஈஸ்ட் பாலோ ஆல்ட்டோவில் வருமானம் குறைந்த முதியவர்கள் தம் தெருக்களில் நடந்தார்கள். நடக்க எது துணை, எது தடை என்று படம் எடுத்தார்கள். ஏன் எடுத்தோம் என்பதைத் தம் குரலிலேயே பதிந்தார்கள். நடந்த வழியைச் செயலியே குறித்துக்கொண்டது. பிறகு கூடிப் பேசி, முதலில் சரிசெய்ய வேண்டியவற்றைத் தேர்ந்து, அதிகாரிகளிடம் தாங்களே எடுத்துச்சொல்வது இம்முறையின் உயிர். இச்செயலி பற்றிய கட்டுரை ஆய்விதழில் 2013இல் வந்தது. இம்முறை இன்று கொலம்பியாவின் பொகோட்டா, இஸ்ரேலின் ஹைஃபா வரை பரவியிருக்கிறது.

இவர்களுக்கு ஆங்கிலத்தில் 'சிட்டிசன் சயன்டிஸ்ட்' என்று பெயர். 'குடிமக்கள் அறிவியல்' என்று எழுதிவிட்டேன், பன்மையில் தொல்லையில்லை. ஒருமையில் 'குடிமகன்' என்றதும் வகுப்பே சிரிக்கிறது. அச்சகத்துக்கு வெள்ளிக்கிழமை போக வேண்டும்.

புலவர் சே. (குடந்தை):
மதுக்கடைச் சிரிப்புக்கு அஞ்சி ஒரு சொல்லைக் கைவிடுவதா, அம்மா? 'இந்நான் கல்லது குடியும் இல்லை' என்கிறது புறநானூறு. வள்ளுவர் குடிமை, குடிசெயல்வகை என்று இரண்டு அதிகாரம் பாடினார். குடில், குடிசை, குடம், குடை, குடக்கு எல்லாம் வளைவுப் பொருள் கொண்ட ஒரே வேர் என்பது என் துணிபு; முதல் குடிசையின் கூரை வளைந்திருக்க வேண்டும், அதனுள் வாழ்ந்தவன் குடி. இதை விரித்துத் தனி மடல் எழுதுவேன்.

'நெய்பர்ஹுட்' என்பதற்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? 'சேரி' இருக்க வேறு எதற்கு? சேர்ந்து வாழுமிடம் சேரி. சிலப்பதிகாரத்தில் புறஞ்சேரி இறுத்த காதையே உண்டு.

மரு. வா.:
ஐயா, படிவத்தில் 'உங்கள் சேரி' என்று அச்சிட்டுக் கொடுத்தால் வாங்குகிறவர் கிழித்து எறிவார். அவர் காதில் அது இளங்கோவடிகளின் சொல்லாக விழாது.

த. (யாழ்ப்பாணம்):
சேரிக்குச் சொன்னது குடிமக்களுக்கும் பொருந்தும். எங்கள் பக்கத்தில் 'குடிமை' என்றால் சாதிவழி அடிமைத் தொழில் செய்ய வைக்கப்பட்டவர்களின் கடமை. முதியவர்கள் அதை இன்னும் மறக்கவில்லை. 'நெய்பர்ஹுட்' என்பதற்கு 'அயல்' போதும். அயலவர், அயல்வீடு என்று நாள்தோறும் பேசுகிறோம்.

இரா. (சிங்கப்பூர்):
தமிழ்நாட்டில் 'அயல்' என்றால் அயல்நாடுதான் நினைவுக்கு வரும். இங்கே 'அக்கம்பக்கக் காவல் நிலையம்' என்று பல ஆண்டுகளாக எழுதுகிறோம். யாருக்கும் அகராதி தேவைப்படவில்லை.

க. (கோவை):
இழையைக் கெடுப்பதாக எண்ண வேண்டாம். நுண்செயலி என்பது கணினியின் மூளைச் சில்லு. அப்படியிருக்கக் கைபேசியில் இருப்பதையும் 'செயலி' என்பது எந்த நியாயம்? குறுஞ்செயலி என்றாவது எழுதுங்கள். பத்தாண்டுகளாகச் சொல்லி வருகிறேன்.

ம. (சான் ஹோசே):
'சிட்டிசன்' என்ற ஆங்கிலச் சொல்லின் மீதே இங்கு கருத்து வேறுபாடு இருக்கிறது. ஈஸ்ட் பாலோ ஆல்ட்டோ போன்ற ஊர்களில் குடியேறியவர்கள் மிகுதி. குடியுரிமை இல்லாதவர் தெருவின் குழியைப் படமெடுக்கக் கூடாதா? அதனால்தான் லாஸ் ஏஞ்சலிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் போன்றவை 'கம்யூனிட்டி சயன்ஸ்' என்று மாறின.

மரு. வா.:
அதைத் தமிழில் சொன்னால் 'சமூக அறிவியல்'. பத்தாம் வகுப்புப் பாடம்! 'மக்கள் அறிவியல்' என்றாலோ, அறிவியலை மக்களிடம் கொண்டுசெல்லும் இயக்கங்களின் பெயராக அது நிலைத்துவிட்டது. இங்கே போக்கு நேர்மாறு. மக்கள் கண்டது அதிகாரிகளிடம் போகிறது.

நா. (சென்னை):
'ஊராய்வு' என்று வைக்கலாமே? சுருக்கம், தூய்மை, ஓசை மூன்றும் உண்டு. கருத்தும் புதிதன்று. 1854இல் லண்டன் பிராட் தெருவில் காலரா பரவியபோது மருத்துவர் ஜான் ஸ்னோ அங்கிருந்த அடிகுழாயின் தண்ணீரைச் சந்தேகித்தார். அவரை மறுக்கப் புறப்பட்டு, வீடுவீடாக விசாரித்து, கடைசியில் அவர் பக்கமே வந்து சேர்ந்தவர் அந்தப் பகுதிப் பாதிரியார் ஹென்றி வொயிட்ஹெட். தெருவை அறிந்தவர் செய்த ஆய்வு அது.

த.:
வொயிட்ஹெட் ஊராரா? ஊராருக்காகப் பேசிய பாதிரியார். வேறுபாடு உண்டு.

புலவர் சே.:
'ஊராய்வு' புலிகொல் யானை, ஐயா. புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா என்று தொல்காப்பிய உரைகாரர்கள் காட்டிய தடுமாற்றம் இங்கும் இருக்கிறது. ஊரை ஆய்ந்ததா, ஊர் ஆய்ந்ததா? வெளியிலிருந்து வந்து கணக்கெடுப்பவரும் ஊராய்வுதான் செய்கிறார். 'ஊராராய்ச்சி' என்று நீட்டினாலும் தீராது: ஊர் + ஆராய்ச்சி என்பார் ஒருவர், ஊரார் + ஆய்ச்சி என்று பிரித்து ஆய்ச்சியர் குரவைக்குப் போவார் இன்னொருவர்.

மரு. வா.:
ஐயா சொன்ன தடுமாற்றம்தான் இந்த இயலின் நடுப்பொருள். யார் யாரை ஆய்கிறார் என்பது மங்கினால் சொல் இருந்தும் பயனில்லை. எனவே நீளமானாலும் 'ஊரார் நடத்தும் ஆய்வு'. ஒருமைக்கு 'ஊராய்வாளர்' வேண்டாம். 'ஆய்வில் பங்கேற்கும் ஊரார்' போதும். இடத்துக்கு 'அக்கம்பக்கம்'. செயலி செயலியாகவே இருக்கும். நால்வர் தனி மடலில் சரி என்றார்கள். மற்றவர்கள் சோர்ந்துவிட்டார்கள் என்று கொள்கிறேன்.

புலவர் சே.:
மூன்று சொல் சேர்ந்தது விளக்கம்; கலைச்சொல் ஆகாது. சொல்லடைவில் 'குடிமக்கள் அறிவியல்' என்பதையும் சேர்க்க வேண்டும். மறுத்தால் என் எதிர்ப்பைப் பதிந்துகொள்ளுங்கள். குடி வேர் பற்றிய மடல் நாளை வரும்.

க.:
குறுஞ்செயலி?