குளோபல் லீடர்ஷிப் ஆன்லைன் எம்பிஏ: ஷூ கம்பெனி வேலையோடு படிக்கலாமா?

பாலாற்றங்கரை
எல்லோருக்கும் வணக்கம். ஆம்பூர் பக்கம் ஏற்றுமதி ஷூ கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஜெர்மனி, இத்தாலி பையர்களோடு மெயில், வீடியோ கால், சாம்பிள் அப்ரூவல் என்றே நாள் ஓடுகிறது. பி.காம் முடித்த கையோடு வேலைக்கு வந்தவன், இனி மேலே போக எம்பிஏ வேண்டும் என்று மேனேஜரே சொல்கிறார். வேலையை விட்டுவிட்டு ரெகுலராகப் படிக்க வீட்டு நிலைமை இடம் கொடுக்காது. இதற்கிடையில் ஆன்லைனில் படிப்பு விற்கிற ஒரு எட்டெக் கம்பெனியிலிருந்து விடாமல் போன்: வெளிநாட்டு யுனிவர்சிட்டியாம், குளோபல் லீடர்ஷிப்பில் எம்பிஏவாம், முழுக்க ஆன்லைனாம், இந்த வாரமே சேர்ந்தால் தள்ளுபடியாம். அந்தப் பட்டம் இங்கே செல்லுமா? அதில் என்னதான் சொல்லித் தருவார்கள்? நாலு பேரை வேலை வாங்குவதை லேப்டாப் பார்த்தா கற்றுக்கொள்வாய் என்று அப்பா கேட்கிறார், எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

காட்பாடி_ஜங்ஷன்
தம்பி, முதலில் அந்தப் போனை எடுக்காதீர்கள். எட்டெக் கம்பெனிகள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து ஆன்லைனில் தரும் பட்டங்கள், யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதி இல்லாதவை என்றால் இங்கே செல்லாது என்று 2023 டிசம்பரிலேயே யூஜிசி அறிவித்துவிட்டது. தனியார் கம்பெனிக்காரர் கண்டுகொள்ளாமல் விடலாம், ஆனால் நாளைக்கு அரசு வேலை, பிஎச்டி என்று போனால் அங்கே தடுக்கும்.

இந்தியப் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் எம்பிஏ என்றால் கதை வேறு. 2020 விதிமுறைப்படி அனுமதி பெற்று நடத்துகிற ஆன்லைன் பட்டமும் நேரில் படித்த பட்டமும் ஒன்றுதான் என்று 2022இல் யூஜிசி தெளிவாகவே சொல்லிவிட்டது. எந்தப் பல்கலைக்கு எந்தப் படிப்புக்கு எந்த செஷனில் அனுமதி என்பது யூஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெப்சைட்டில் இருக்கும், ஏஜென்ட் அனுப்புகிற பிடிஎஃப்பை நம்பாமல் நீங்களே அதில் பாருங்கள். சேர்வதற்கு டெப் ஐடி என்று அந்தப் பிரிவு தரும் மாணவர் பதிவு எண் வேண்டும், அதையும் நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.

வெளிநாடுதான் என்று பிடிவாதமாக இருந்தால், அந்த பிசினஸ் ஸ்கூலுக்கு ஏஏசிஎஸ்பி, ஈக்விஸ், ஆம்பா இந்த மூன்றில் ஏதாவது ஒரு அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். தரத்துக்கு அது ஓர் அடையாளம், இங்கே பட்டம் செல்லுமா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆம்பா எம்பிஏ என்றால் மூன்று வருட வேலை அனுபவமாவது கேட்பார்கள், "அனுபவமே வேண்டாம், உடனே சேருங்கள்" என்பவனிடம் உஷார்.

குடியாத்தம்_அக்கா
நான் லண்டன் பக்கத்து யுனிவர்சிட்டி ஒன்றில் இதே மாதிரி படிப்பைக் குழந்தையை வைத்துக்கொண்டு படித்தவள். யாரும் சொல்லாத விஷயம் நேரம். அவர்களுக்கு மாலை ஆறு மணி கிளாஸ் என்றால் நமக்குக் கோடையில் ராத்திரி பத்தரை, அக்டோபர் கடைசியில் அவர்கள் கடிகாரத்தை மாற்றியதும் பதினொன்றரை. அப்புறம் குரூப் அசைன்மென்ட். எங்கள் குரூப்பில் லாகோஸில் ஒருவர், சாவோ பாலோவில் ஒருவர், எல்லோரும் விழித்திருக்கிற ஒரு மணி நேரத்தைத் தேடியே பாதி பொறுமை போய்விடும். ஆனால் உண்மையாகச் சொல்கிறேன், கிளாஸில் சொன்னதைவிட அந்த இழுபறியில்தான் நிறைய கற்றேன். யார் வேலை செய்யவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல நமக்கு வாய் வராது, அந்த பிரேசில்காரர் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார். அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்.

சிப்காட்_ராணிப்பேட்டை
பாடத்தைப் பற்றி நான் சொல்கிறேன். ஹாஃப்ஸ்டெட் என்ற டச்சுக்காரர் 1967 முதல் 1973 வரை பல நாட்டு ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்த சர்வேயை வைத்து நாடுகளுக்கு மதிப்பெண் போட்டார். மேலே இருப்பவனுக்கும் கீழே இருப்பவனுக்கும் உள்ள இடைவெளியை மக்கள் எவ்வளவு சகஜமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதில் இந்தியா 77, ஜெர்மனி 35. எந்த குளோபல் லீடர்ஷிப் கோர்ஸிலும் இது வராமல் இருக்காது. பாலாறு சார், உங்களுக்கு இது புதிதல்ல. சோல் வந்து சேரவில்லை, ஷிப்மென்ட் தள்ளும் என்பது லைனில் சூப்பர்வைசருக்குப் பத்து நாள் முன்பே தெரியும். மேனேஜரிடம் சொல்ல மாட்டார், "பார்த்துக்கலாம் சார்" என்பார். ஜெர்மன் பையருக்கு லேட்டாவதைவிட, லேட்டாகும் என்று முன்பே சொல்லவில்லையே என்பதில்தான் கோபம்.

இதைப் புரிந்துகொள்ள அந்த 77 உதவும். அதற்காக அதையே வேதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐபிஎம் ஆபீஸில் இருந்தவர்களின் சராசரியை வைத்து வாணியம்பாடி டேனரி மேஸ்திரியை எடை போட முடியுமா என்ன? கோர்ஸ் எடுப்பவர் இந்தக் கேள்வியை அனுமதிக்கிறவரா என்று டெமோ கிளாஸிலேயே கேட்டுப் பாருங்கள்.

பாலாற்றங்கரை
எல்லோருக்கும் நன்றி. அக்கா, பத்தரை மணி கிளாஸ் எனக்கு ஒத்துவராது, காலை ஏழு மணிக்கு கம்பெனி பஸ். இந்திய யுனிவர்சிட்டி பக்கமே பார்க்கிறேன். ஆனால் அங்கே குளோபல் லீடர்ஷிப் என்று தனியாக எதுவும் கண்ணில் படவில்லையே, இன்டர்நேஷனல் பிசினஸ் எடுத்தால் போதுமா?

காட்பாடி_ஜங்ஷன்
தாராளமாகப் போதும். உங்கள் வேலைக்கு அதுதான் இன்னும் பொருத்தம், எக்ஸ்போர்ட் டாகுமென்டேஷன், ஃபாரெக்ஸ் எல்லாம் அதில் வரும். சிலபஸைத் திறந்து கிராஸ் கல்சுரல் மேனேஜ்மென்ட் என்று ஒரு பேப்பர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஃபீஸில் ஒரு பங்கு தருவார்களா என்று ஹெச்ஆரிடமும் கேளுங்கள், மேனேஜரே படிக்கச் சொன்னார் என்பதை மறக்காமல் மெயிலில் போட்டு.