குளிரூட்டி குளிரூட்டியைக் குளிரூட்டினால்?

அன்பர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஒரு சீட்டு எழுதி நானே ஒரு வேலையைக் கெடுத்தேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

மைத்துனரின் மின்கார் தேவனாம்பட்டினத்தில், கடலிலிருந்து நாலு தெரு தள்ளி நிற்கிறது. வெயில் ஏறினால் ஏசி வெறும் காற்றைத்தான் ஊதியது. வண்டியைப் பணிமனைக்கு அனுப்பும்போது என்னிடம் ஒரு குறிப்பு கேட்டார். 'குளிரூட்டி குறைந்திருக்கலாம், பார்த்து நிரப்பவும்' என்று எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த பையன் பார்த்தான், நிரப்பினான். எங்கே? பானெட்டைத் திறந்து கூலன்ட் டப்பாவில், மேல்கோட்டையும் தாண்டி! பையன் மேல் தப்பில்லை. நான் எழுதியதைத்தான் செய்தான்.

ஏசியும் குளிரூட்டி, அதற்குள் சுற்றும் கேஸும் குளிரூட்டி, கூலன்ட்டும் குளிரூட்டி என்றே எழுதிப் பழகிவிட்டோம். பெட்ரோல் காரில் இது எப்படியோ ஒப்பேறியது. கூலன்ட் என்ஜினோடு, கேஸ் ஏசியோடு. மின்காரில் பல வண்டிகளில் இரண்டும் சில்லர் என்ற ஒரு பெட்டியில் அடுத்தடுத்து ஓடுகின்றன. நடுவே மெல்லிய தகடுகள். பேட்டரியைச் சுற்றிவந்த கூலன்ட் தன் சூட்டை அங்கே கேஸிடம் விட்டுவிட்டுப் போகிறது. இதை நம் இப்போதைய தமிழில் சொன்னால்: 'குளிரூட்டியில் குளிரூட்டி குளிரூட்டியைக் குளிரூட்டுகிறது.' இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை!

விளையாட்டாகச் சொல்லவில்லை. நல்ல வெயிலில் வேக சார்ஜ் போடும்போது, பேட்டரி தன் பங்குக் குளிர்ச்சியைக் கேட்கும். உள்ளே இருப்பவர்களுக்குக் கொஞ்சம் குறையும். அது பழுதே இல்லை. கேஸ் கசிந்து குறைந்தால்தான் பழுது. இந்த வித்தியாசத்தை வண்டிக்காரருக்கு விளக்க இரண்டு சொல்லாவது வேண்டாமா?

என் பரிந்துரை: கூலன்ட்டுக்குத் தணிநீர். சூடு தணிக்கும் நீர், உள்ளே இருப்பதும் பெரும்பாலும் நீரும் கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருளும்தான். சில்லருக்குக் கொதிகலன் போலத் தணிகலன். கேஸுக்குக் 'குளிர்பதனி' என்று முதலில் நினைத்தேன். தூத்துக்குடிப் பக்கம் அதைச் சொன்னால் பனையோலைப் பட்டையோடு வந்துவிடுவார்கள். அதனால் குளிர்வளி. என்ன சொல்கிறீர்கள்?

— கடலூர், மஞ்சக்குப்பத்திலிருந்து

* * *

ஐயா, வணக்கம். நான் புதுச்சேரியில் கார் ஏசி வேலை பார்ப்பவன். சொல்லாக்கம் தெரியாது, குழாய் தெரியும்.

தணிநீர் சரி. நாளைக்கே பில்லில் எழுதலாம். தணிகலன் என்றால் தணிக்கை ஆபீஸ் சாமானா என்று கேட்பார்கள், பரவாயில்லை. குளிர்வளி மட்டும் வேண்டாம். டாஷ்போர்டு துளையில் வரும் சில்லென்ற காற்றைத்தான் அது என்று எவரும் நினைப்பார்கள். அதோடு, அது பாதித் தூரம்தான் வளி. வண்டியின் முன்னால் இருந்து சூட்டை வெளியே விடும் கண்டன்சரிலிருந்து வரும் மெல்லிய குழாயைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும்; உள்ளே ஓடுவது திரவம். அதை அமுக்கும் கம்ப்ரசருக்குத் திரும்பும் தடித்த குழாய் வியர்த்து நிற்கும்; உள்ளே ஆவி. பல கார் ஏசிகளில் ஓடும் ஆர்134ஏ என்ற சரக்கு சாதாரண அழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும், அமுக்கிச் சூட்டை எடுத்தால் திரவமாகிவிடும். நாங்கள் கேஸ் என்று சொல்வதே சோம்பேறித்தனம்தான்.

கம்ப்ரசருக்குள் இருக்கும் எண்ணெய்க்கும் ஒரு பேர் வையுங்கள். மின்கார் கம்ப்ரசரில் பெல்ட் கிடையாது, பெரும்பாலும் 300 வோல்ட்டுக்கு மேல் ஓடும் மோட்டார் உள்ளேயே இருக்கிறது. ஆரஞ்சு உறை போட்ட கேபிள் போவது அதற்குத்தான். முறைப்படி மின்சாரத்தைத் துண்டிக்காமல் அதில் கை வைக்கக் கூடாது. மோட்டார் சுருள் அந்த எண்ணெயிலேயே நனைந்து கிடப்பதால், எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தவே கூடாது. பெரும்பாலும் பி.ஓ.இ. எண்ணெய்தான் வரும். பெட்ரோல் காருக்கு ஊற்றும் பி.ஏ.ஜி. எண்ணெய் அதில் கலந்தால் மின்காப்பு இறங்கி, வண்டி எச்சரிக்கை காட்டும். கிளம்ப மறுப்பதும் உண்டு. கேஸ் ஏற்றும் மெஷினின் ஹோஸில் ஒட்டியிருக்கும் பழைய எண்ணெய்கூட ஆபத்து.

மைத்துனர் வண்டியில் கண்டன்சரின் அடி மூலையைப் பாருங்கள். நம் கரையில் உப்புக்காற்று அதைத்தான் முதலில் தின்னும்.

* * *

தம்பிக்கு,

பார்த்தோம். முன் பம்பரைக் கழற்றியதும் இடது அடி மூலையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்புக் கறை, எண்ணெயில் புழுதி ஒட்டியது. பக்கத்திலிருந்த அலுமினியத் தகடுகள் நகம் பட்டதும் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தன. உள்ளே அழுத்தம் குறைந்துபோனதால் சென்சார் கம்ப்ரசரை ஓடவே விடவில்லை. கண்டன்சர் மாற்றியாயிற்று. கண்டன்சருக்குத் தமிழ் கேட்டு யாரும் இப்போது எழுத வேண்டாம். ஃபேனில் இருக்கும் கெப்பாசிட்டரையும் இந்த ஊரில் கண்டன்சர் என்றுதான் விற்கிறார்கள். அது தனி வழக்கு.

குளிர்வளியை விட்டுவிட்டேன். ஆவியாகவும் திரவமாகவும் மாறி மாறி வரும் சரக்குக்கு இரண்டையும் சொல்லாத பெயர்தான் பொருந்தும். குளிர்மம் எப்படி? கனிமம், கரிமம் மாதிரி. திண்மம், நீர்மம் படித்த பிள்ளைகள் இதையும் ஒரு நிலை என்று நினைத்துக்கொள்வார்களோ என்று ஒரு சின்னத் தயக்கம் இருக்கிறது. ஆனால் வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால் முரண்டு பிடிக்கவில்லை: குளிர்மம் ஏற்ற வேண்டும், குளிர்மக் குழாய், குளிர்மக் கசிவு. தணிகலனில் குளிர்மம் தணிநீரின் சூட்டை வாங்கிக்கொள்கிறது. இதை என் மைத்துனர் ஒரே தடவையில் புரிந்துகொண்டார், அவர் துணிக்கடை வைத்திருப்பவர்.

எண்ணெய்க்குப் புதுச்சொல் தேவையில்லை. மின்காப்பு எண்ணெய் என்று இருக்கும் சொற்களையே சேர்த்து எழுதினால் போதும், எச்சரிக்கையும் அதற்குள்ளேயே இருக்கிறது.

கேஸ் ஏற்ற அனுப்பும்போது மைத்துனர் மறுபடியும் சீட்டு கேட்டார். இந்தத் தடவை எழுதியது: 'குளிர்மம் முழுதாக ஏற்றவும். மின்காப்பு எண்ணெய் மட்டும். தணிநீர் ஏற்கெனவே அதிகம், தொட வேண்டாம்.' பணிமனையிலிருந்து பையனே போன் செய்தான். "சார், குளிர்மம்னா கேஸ்தானே?" என்றான்.