சின்ன பாத்ரூமுக்கு எந்த வாஷ்பேசின்? டேபிள் டாப்பா, சுவரில் மாட்டுவதா?

மாலதி:
பாத்ரூமை இடித்துவிட்டுப் புதிதாகச் செய்கிறோம். டைல்ஸ் இன்னும் ஒட்டவில்லை. மகளுக்கு மேடைமேல் கிண்ணம் மாதிரி உட்காரும் டேபிள் டாப் பேசின்தான் வேண்டுமாம், அதுவும் கறுப்பு மேட். மாமியாருக்கு முழங்கால் வலி, பேசினைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்வார். பையனுக்கு ஆறு வயது. பேசின் வரும் சுவரின் அகலம் மூன்றடிக்குக் கொஞ்சம் குறைவு. தண்ணீர் உப்பு, காய்ந்தால் வெள்ளைப் படலம் நிற்கும். எது எடுக்கலாம்?

பிளம்பர் செல்வம்:
அக்கா, டைல்ஸ் ஒட்டுமுன் கேட்டீர்களே, அதற்கே ஒரு கும்பிடு. பாதிப் பேர் பேசினை வாங்கி வைத்துவிட்டு, சுவரில் பைப் வேறு உயரத்தில் நிற்கும்போதுதான் என்னைக் கூப்பிடுவார்கள்.

முதலில் உயரம். பேசினின் மேல் விளிம்பு தரையிலிருந்து 32 முதல் 34 அங்குலத்தில் இருக்கணும். தரை என்றால் டைல்ஸ் ஒட்டிய தரை. டேபிள் டாப் பேசினே ஐந்தாறு அங்குலம் எழும்பும். அதனால் மேடையை 27, 28 அங்குலத்தில் நிறுத்தணும். மேஸ்திரி பழக்கதோஷத்தில் 32-க்குக் கல்லைப் போட்டுவிட்டால், முகம் கழுவும்போது தண்ணீர் முழங்கை வழியாக வழியும். பையன் பாடு சொல்லவே வேண்டாம்.

அடுத்து குழாய். தண்ணீர் வேஸ்ட் ஓட்டைக்குப் பக்கத்தில் விழணும். குட்டை மூக்குக் குழாய் என்றால் கை பேசினின் பின்சுவரில் இடிக்கும். தட்டையான, ஆழமில்லாத பேசினில் வேகமாகத் தண்ணீர் விழுந்தால் சட்டை நனைந்துவிடும். படத்தில் அழகாகத் தெரிவதெல்லாம் பெரும்பாலும் இந்த ரகம்தான்!

அம்மா பிடித்து எழும் விஷயத்தை லேசாக விடாதீர்கள். எந்தப் பேசினும் ஆள் பாரம் தாங்கச் செய்ததில்லை. பக்கத்துச் சுவரில் தனியாக ஒரு கைப்பிடிக் கம்பி போடுங்கள். டைல்ஸுக்கு முன்னால் சொன்னால் அந்த இடத்துச் சுவரைக் கெட்டியாக்கிவிடலாம். எடை குறைந்த ஏஏசி பிளாக் (காற்றுக் குமிழி நிறைந்த கான்கிரீட் கல்) சுவர் என்றால் பேசின் போல்ட்டுக்கும் அதே கவனம் வேண்டும்.

பேசின் நடுவிலிருந்து இரு பக்கச் சுவருக்கும் 15 அங்குலமாவது இருந்தால் முழங்கை இடிக்காது. முன்னால் ஆள் குனிய 21 அங்குலமாவது விடுங்கள். கதவு உள்பக்கம் திறந்தால் அதையும் அளந்து பாருங்கள்.

என் ஓட்டு: சுவரில் மாட்டும் வெள்ளை செராமிக் பேசின், கீழே அரைப் பெடஸ்டல், அதாவது தரையைத் தொடாமல் சுவரில் நிற்கும் மூடி. பேசினுக்குக் கீழே நாற்றத்தைத் தடுக்கும் பாட்டில் ட்ராப் மறைந்துவிடும், தரையைத் துடைப்பதும் சுலபம்.

கவிதா ர:
எங்கள் வீட்டில் டேபிள் டாப்தான். செல்வம் அண்ணன் சொல்வது சரி, ஆனால் கீழே அலமாரி கிடைப்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. சோப்பு, பிரஷ், துடைக்கும் துணி எல்லாம் உள்ளே போய்விடும். தொல்லை என்றால் பேசின் மேடையில் உட்காரும் வளையம்தான். இடுக்கை அடைக்கும் சிலிக்கான் பசை அங்கே கறுத்துவிடும். பூஞ்சை பிடிக்காத சிலிக்கான் கேட்டு வாங்குங்கள்.

கறுப்பு மேட்டில் உப்புப்படலம் கண்ணில் குத்தும். மார்பிள் பேசின் பக்கமே போகாதீர்கள். உப்பை எடுக்க அமிலம் வேண்டும், அமிலம் மார்பிளையும் தின்றுவிடும். பேசினை யார் தேய்க்கப்போகிறார்கள் என்று மகளிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

மாலதி:
கேட்டேன். பதிலே இல்லை :) வெள்ளையே எடுக்கிறோம், சுவரில் மாட்டுவதாகவே. ஒன்று மட்டும்: பேசின் உள்ளே மேலே ஒரு சின்ன ஓட்டை இருக்கிறதே, அது அவசியமா?

பிளம்பர் செல்வம்:
ஆறு வயதுப் பையன் இருக்கிற வீட்டில் அவசியம். அடைப்பானை மூடிவிட்டுக் குழாயைத் திறந்துபோட்டால் தண்ணீர் அந்த வழியாக இறங்கும். குழாய் முழு வேகத்தில் ஓடினால் அதுவும் போதாது, அது வேறு கதை. வேஸ்ட் ஓட்டையில் மாட்டுவது கப்ளிங். மேலே ஓட்டை இருக்கும் பேசினுக்குப் பக்கத்தில் துளை உள்ள ஹாஃப் த்ரெட் கப்ளிங், இல்லாததற்குத் துளையில்லாத ஃபுல் த்ரெட். மாற்றிப் போட்டால் அந்த ஓட்டையில் இறங்கும் தண்ணீருக்குப் போக வழி இருக்காது. வாங்கும்போதே பேசினைக் காட்டிக் கேளுங்கள் அக்கா.